வாசகர் கேள்வி பதில்: கோடை இரவுக்கு ஒரு சாலட்

கேள்வி: கத்திரி வெயில் நாட்களில் மாலை ஏழு மணிக்கும் சமையலறைச் சுவர் சுடுகிறது. இரவுக்கு சாலட் மட்டும் செய்தால், ஒன்பது மணிக்கே பிள்ளைகள் மறுபடி பசி என்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: பிள்ளைகளின் பசி நியாயமானது. வெள்ளரியிலும் தக்காளியிலும் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், அவற்றை மட்டும் நறுக்கி வைத்தால் வயிறு நிறைந்தது போலத் தோன்றி விரைவிலேயே காலியாகிவிடும். சாலட் இரவு உணவாக வேண்டுமானால் அதில் பருப்போ பயறோ நிலக்கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும்.

ஸ்ரீராம நவமிக்குப் பானகத்தோடு உங்கள் பக்கத்தில் படைக்கும் வடைப்பருப்பையே கோடை முழுவதும் இரவு உணவாக்கிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 200 கிராம் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய பருப்பை நகத்தால் கிள்ளினால் சுலபமாக உடைய வேண்டும். நடுவில் கல் போல நெருடினால் இன்னும் சிறிது நேரம் ஊறட்டும். நீரை நன்றாக வடித்துவிட்டு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெள்ளரி, சித்தூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் கிளிமூக்கு மாங்காயில் பாதி, காலையிலேயே வேகவைத்து எடுத்து வைத்த நிலக்கடலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி ஆகியவற்றைச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டும் அந்த ஒரு நிமிடம் மட்டுமே அடுப்பு எரியும். பருப்பில் மட்டுமே ஆளுக்கு ஏறக்குறைய 12 கிராம் புரதம் கிடைத்துவிடும். மாங்காயிலும் கடைசியில் பிழியும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. இதன் மேல் கடையில் விற்கும் மயோனைஸை ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள். கெட்டித் தயிரில் வறுத்த சீரகப் பொடியும் மிளகும் கலந்தால், அதைவிட ருசியானது வேறெதுவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் தயிர்சாதம் வையுங்கள். மாமியார் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இந்த உணவு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும் என்றாலும், இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் இரவில் சோறு, சப்பாத்தியைத் திடீரென்று நிறுத்தினால் நள்ளிரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். ஆகவே மருத்துவரிடம் கேட்கும்வரை, அவர் வழக்கமாகச் சாப்பிடும் சப்பாத்தியையோ கேழ்வரகுக் களியையோ அளவு மாற்றாமல் கொடுத்து, சாலட்டைப் பொரியலுக்குப் பதிலாகப் பரிமாறுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் நறுக்கிக் கலந்து வைத்தால், மாலையில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உப்புதான் காரணம். அது காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். காலையில் காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முழுதாகவே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வீடு திரும்பியதும் நறுக்கி, உப்பும் தேங்காய்த் துருவலும் தட்டில் போடும்போது சேருங்கள். கலந்த சாலட்டை இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

கேள்வி: முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்கிறார்களே, சரியா?
– ஒரு வாசகி, நகரி

பதில்: பயறு முளைப்பதற்கு வேண்டிய அதே வெதுவெதுப்பும் ஈரமும் நோய்க்கிருமிகள் பெருகவும் ஏற்றவை, எத்தனை முறை அலசினாலும் அவை முழுமையாகப் போவதில்லை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் முளைப்பயறை நன்றாக வேகவைத்துச் சேர்ப்பதுதான் நல்லது. வைட்டமின் சி கொஞ்சம் குறையும். புரதம் எங்கும் போய்விடாது. கோடையில் ஒரே இரவில் முளை எட்டிப் பார்த்துவிடும் என்பதால் காலையிலேயே துணி மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பயறு பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ, வேகவைத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணாமல் கொட்டிவிடுங்கள்.