வாசகர் கேள்வி – பதில்: முற்றத்துச் செடிகள் கூடத்துக்கு வரும்போது

கேள்வி: முற்றம் வைத்த ஓட்டு வீட்டிலிருந்து அண்மையில் இரண்டாம் மாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். கூடவே எடுத்து வந்த துளசி, கறிவேப்பிலை, குண்டுமல்லி மூன்றையும் கூடத்தில் வைத்து நாள்தோறும் நீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. மல்லி ஒரு மொட்டுக்கூட விடவில்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உரம் காரணமன்று, வெளிச்சமே காரணம். நண்பகல் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) இருக்கும் ஒளி, கூடத்தின் நடுவே சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. நம் கண் ஒளிக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. செடிக்கோ அது பட்டினி. ஒளி குறைந்த இடத்தில் செடி உறிஞ்சும் நீரும் குறையும் என்பதால், முற்றத்தில் ஊற்றிய அதே அளவை இங்கும் ஊற்றினால் மண் காயாமல் வேர் மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும்; மஞ்சளித்த இலையைக் கண்டு மேலும் நீரும் உரமும் இடுவது கேட்டை விரைவுபடுத்தவே செய்யும். மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு மட்டும் நீர் விடுங்கள்.

அடுத்து, எந்தச் சன்னல் என்பதைப் பார்க்க வேண்டும். தெற்குச் சன்னலே சிறந்தது என்று பலரும் எழுதுவது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் அறிவுரை. நம் டெல்டாவில் சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை சூரியன் உச்சிக்குச் சற்று வடக்காகவே செல்வதால், அம்மாதங்களில் தெற்குச் சன்னலுக்குள் நேர்வெயில் நுழைவதில்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் அங்கே வெயில் நன்றாக விழும். எதிரே கட்டடம் மறைக்காத கிழக்குச் சன்னலோ ஆண்டு முழுவதும் காலை வெயில் தரும். துளசியையும் கறிவேப்பிலையையும் அதன் விளிம்பை ஒட்டி வைத்து, வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.

குண்டுமல்லியை வீட்டுக்குள் பூக்க வைக்கும் முயற்சியைக் கைவிடுவதே நல்லது. அதற்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மொட்டை மாடியில் இடம் கேட்டுப் பெறுங்கள். அங்கே கொண்டுபோகும்போதும் முதல் வாரம் காலை வெயிலை மட்டும் காட்டிப் பழக்க வேண்டும், இல்லையேல் நிழலில் துளிர்த்த இலைகள் கருகிவிடும். கார்த்திகையில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனி முதல் பூவை எதிர்பார்க்கலாம்.

கேள்வி: ஆற்று வண்டல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடாது. வயலில் பொன்னாய் விளையும் அந்த மண், தொட்டிக்குள் இறுகி நீரை வடியவிடாது. வண்டல், மக்கிய தொழுவுரம், மக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் தாழ்வாரத்தில் வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை. அங்கே நம்மூர்ச் செடி எதுவும் வளராதா?
– வாசகர், திருவையாறு

பதில்: வெற்றிலை வளரும். கொடிக்காலில் அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலில்தானே வெற்றிலைக் கொடியைப் படரவிடுகிறார்கள்! வெளித்தோட்டப் பயிர் என்று நாம் எண்ணினாலும் அது இயல்பிலேயே நிழல் விரும்பி. கடைகளில் விலை கொடுத்து வாங்கும் அலங்காரச் செடிகள் பலவற்றைவிடத் தாழ்வாரத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. கணுக்களுள்ள கொடித்துண்டை நட்டு, தேங்காய் நார்க்கயிறு சுற்றிய கழியை ஊன்றி, அந்தக் கயிற்றை ஈரமாக வைத்திருந்தால் கணுவேர்கள் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். காற்றோட்டம் குறைந்த இடங்களில் மாவுப்பூச்சி வரக்கூடும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயையும் சில துளி சோப்புக் கரைசலையும் கலந்து மாலையில் இலைகளின் அடிப்புறத்தில் தெளியுங்கள். தெளித்த இலைகளைச் சில நாள் கழித்து நன்கு கழுவிய பின்னரே தாம்பூலத்துக்கு எடுக்க வேண்டும்.