பயனீட்டாளர் கேள்வி-பதில்: கேமிங் கணினியும் பெயர் போடாத பட்டியலும்

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வு முடித்த என் மகன் கேமிங் கணினி வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். திரை வீட்டில் இருக்கிறது. மற்றதெல்லாம் 4,000 வெள்ளிக்குள் முடிய வேண்டும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள்: ரைஸன் 5 7500எஃப், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, பி650 போர்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் பவர் சப்ளை, கேசிங். வாங்கலாமா? (செந்தூல் வாசகி)

பதில்: இந்தப் பட்டியலில் முழுப் பெயரோடு இருப்பது பிராசசர் (ரைஸன் 5 7500எஃப்) மட்டும்தான். கிராபிக்ஸ் கார்டுக்கு (ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ) பாதிப் பெயர். மற்றவற்றுக்கு அளவு இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. கடைக்காரர் காசு மிச்சம் பிடிப்பது அந்த வரிகளில்தான். திரும்பப் போய், ஒவ்வொரு வரிக்கும் பிராண்டும் மாடலும் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். லோ யாட்டில் கடைக்கா பஞ்சம்?

முதலில் கிராபிக்ஸ் கார்டு. 5060 டிஐ என்ற ஒரே பெயரில் கார்டின் சொந்த நினைவகம் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விற்கிறார்கள். எதுவென்று எழுதவில்லை என்றால் 8 ஜிபி என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பெரிய கேம்களில் படத் தரத்தை உயர்த்தினால் 8 ஜிபி சீக்கிரமே நிரம்பி, ஓட்டம் திக்கித் திணறும். மகன் வேலரண்ட் மாதிரி போட்டி கேம்களோடு நிற்பவன் என்றால் டிஐ இல்லாத சாதா 5060 போதும், பணமும் மிஞ்சும். கதை கேம்கள் விளையாடுபவன் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு விலை கேளுங்கள். அதிலும் 8 ஜிபி ரகம் உண்டு, கவனம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 5060 டிஐ 8 ஜிபியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பவர் சப்ளையில் 650 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 5060 டிஐ இழுப்பது சுமார் 180 வாட், 7500எஃப்-இன் கணக்கு 65 வாட். பெயர் தெரிந்த, 5 ஆண்டு உத்தரவாதம் உள்ள 550 வாட்டே தாராளம். பெட்டியில் '80 பிளஸ்' முத்திரை இருந்தால் மின்சாரம் குறைவாக வீணாகும் என்றுதான் அர்த்தம். உள்ளே பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இடி மின்னலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் இந்த வரியில் கஞ்சத்தனம் கூடாது.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டுவிடும் கடைகள் உண்டு. இரண்டு 8 ஜிபி கேளுங்கள், கேம் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். 6000 வேக ரேம் வாங்கினாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் 'எக்ஸ்போ'வை இயக்காவிட்டால் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் வேகம் என்ன காட்டுகிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

7500எஃப்-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்குப் போனால் அது திரும்பும்வரை திரை கறுப்புதான். கொஞ்சம் கூடப் போட்டு, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ரைஸன் 5 7600 பிராசசரை வாங்கினால், கேம் ஓடாவிட்டாலும் காலேஜ் வேலையாவது நடக்கும். கேசிங் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல், காற்று போகும்படி வலையாக இருக்கட்டும். ஏர்கோன் இல்லாத அறை என்றால் கட்டாயம்.

கேள்வி: பேஸ்புக்கில் பழைய ஆர்டிஎக்ஸ் 3070 மலிவாக வருகிறது. மைனிங் (கிரிப்டோ நாணயம் ஈட்ட கார்டை ஓயாமல் ஓட்டுவது) செய்த கார்டாக இருக்குமோ? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றதும் 30 வரிசைக் கார்டுகள் ஏராளமாகக் கைமாறின. மைனிங் செய்ததாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறியும் உள்ளே வெப்பம் கடத்தும் பட்டைகளும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். விற்பவர் வீட்டுக்கே போய் அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். விசிறி கரகரத்தாலோ படத்தில் புள்ளி விழுந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். வியாபாரி அல்லாத தனியாளிடம் வாங்கினால் பயனீட்டாளர் சட்டம் துணைக்கு வராது.

கேள்வி: வாங்கி இரண்டே வாரம், கேம் நடுவில் கணினி அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டால் ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: காட்டட்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு வரி அச்சடித்து அழிக்க முடியாது. மனம் மாறித் திருப்பித் தருவதற்கு அந்த வரி செல்லும், பழுதான பொருளுக்குச் செல்லாது. ஆனால் சரிசெய்யக்கூடிய பழுது என்றால் முதலில் சரிசெய்துதர அவர்களுக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். பழுதை எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் போதும். அணைந்துபோவதைக் காணொளி எடுத்து வையுங்கள்.

இழுத்தடித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை 3 ஆண்டுகளுக்குள் பதியலாம், கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. நீங்களே பேச வேண்டும், கடைக்காரரும் அப்படித்தான்.