புல்லட்டின் பின்பக்க 'டக்' ஓசை: கன்மெட்டல் புஷ் கடைந்து போடலாமா?

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'டக்' என்று அடிக்கிறது, ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியும் போகவில்லை, லேத் பட்டறையில் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) புஷ் கடைந்து போட்டால் சரியாகுமா என்று பழைய புல்லட் 350 வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓசை, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மிலிருந்துதான் வருகிறது என்றால் சரியாகும். ஆனால் எல்லோரும் கவனிக்கும் புஷ்ஷைவிட (ஸ்விங் ஆர்மின் துளைக்குள் உட்காரும் வளையம்), அதற்குள் நிற்கும் எஃகு சிலீவின் (குழாயின்) நீளமே இந்த வேலையைத் தீர்மானிக்கிறது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் குறை வீல் பேரிங்கில். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடி, சேசிஸோடு அது சேரும் இடத்தில் வைத்த விரல் நுனிக்கு அசைவு தெரிந்தால் குறை புஷ்ஷில். சென்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே ஓசை வரும் என்பதால், அதையும் ஒருமுறை கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது.

நிறுவனம் பொருத்தித் தருவது சைலன்ட் பிளாக் எனப்படும் ரப்பர் புஷ். அதன் உள்குழாய் சேசிஸோடு இறுகி நிற்க, இடையிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசைகிறது. அங்கே உலோகம் எதுவும் உரசுவதில்லை. கன்மெட்டல் போட்டால் அந்த ஏற்பாடே மாறுகிறது: சிலீவ் சேசிஸோடு அசையாமல் நிற்க, புஷ் அதன்மேல் சுழல வேண்டும். ஆகவே சிலீவ் வெறும் எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) குழாயாக இருக்கக் கூடாது. கடினப்படுத்தி கிரைண்டிங் செய்த எஃகாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமே தேய்ந்து புஷ்ஷையும் அரித்துவிடும். நைலானில் கடைந்து தருகிறேன் என்பார்கள். அது ஈரத்தை இழுத்து உப்பக்கூடியது, இந்த இடத்துக்கு வேண்டாம்.

பழைய புஷ்ஷின் அளவைக் கொண்டு புதியதைக் கடையச் சொல்லாதீர்கள். ஸ்விங் ஆர்மின் துளையையே, உள்ளே மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். பழைய புஷ் சுழன்ற இடத்தில் துளை நீள்வட்டமாகியிருக்கலாம். புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால் போதும். பட்டறைகளில் வழக்கமாக உள்ள வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும் என்பதால், இதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். அழுத்திப் பொருத்தியதும் புஷ்ஷின் உள்விட்டம் சற்றே சுருங்கும். எனவே முன்கூட்டியே முழு அளவுக்குக் குடையாமல், பொருத்திய பிறகு இரு புஷ்களையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையை நுணுக்கமாகச் சீவி அளவாக்கும் கருவி) விட்டு, சிலீவுக்கு 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி கொடுக்க வேண்டும். சுத்தியலால் அடிக்காமல், நீளமான போல்ட்டும் தடித்த வாஷர்களும் வைத்து நட்டை இறுக்கி உள்ளே இழுத்தால் புஷ் கோணாமல் போகும்.

இனி சிலீவ். இரு புஷ்களின் வெளிமுகங்களுக்கு இடையிலுள்ள மொத்த அகலத்தைவிட அது 0.1 முதல் 0.2 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். குறைந்தால் பிவட் நட்டை (ஸ்விங் ஆர்மைச் சேசிஸோடு பிணைக்கும் அச்சின் நட்டை) இறுக்கியதும் சேசிஸ் புஷ்ஷையே நசுக்க, ஸ்விங் ஆர்ம் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் பலர் நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், அடுத்த வாரமே 'டக்' திரும்பிவிடும். மிகுதியாக நீண்டாலோ பக்கவாட்டு ஆட்டம் அப்படியே நிற்கும். சற்று நீளமாகவே கடைந்து வாங்கி, மாட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைப்பதே பாதுகாப்பான வழி. நட்டை முழுதாக இறுக்கிய பின், சக்கரமும் ஷாக்கும் இல்லாத ஸ்விங் ஆர்மைத் தூக்கி விட்டால் அது தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது.

ஷாக் அப்சார்பரின் கண்ணில் (முனையிலுள்ள வளையத்தில்) உள்ள ரப்பரையும் கன்மெட்டலாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இடம் சற்றே கோணலாகவும் அசைய வேண்டியது. புஷ் உட்காரும் துளையைச் சுற்றி வெல்டிங்கில் விரிசல் தெரிந்தாலும் புஷ் வேலையை நிறுத்திவிட்டு, ஸ்விங் ஆர்மையே மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கிரீஸ் நிப்பிள் ஒன்றும் வைத்து, சர்வீஸ்தோறும் கிரீஸ் அடியுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நல்ல சைலன்ட் பிளாக் ஒரு ஜோடி வாங்கி, வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும் நிலையில் பிவட் நட்டை இறுக்கிவிட்டுப் போவதே மேல்.