காற்றில் விழுந்த மரம்: விறகுக் கடைக்காரர் பதில்கள்

(தேனி மாவட்டத்தில் நெடுங்காலம் விறகுக் கடை நடத்திய பெரியவர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, ஆடிக் காற்றில் எங்கள் தோட்டத்து வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. காற்று இன்னும் நிற்கவில்லை. மழை பிடித்தால் விறகு நனைந்துவிடும் என்று மாமனார் இப்போதே வெட்டச் சொல்கிறார். மிஷின் ரம்பம் வாடகைக்குக் கிடைக்கிறது. நானும் கணவரும் வெட்டலாமா?
– வாசகி, ஆண்டிபட்டி

மாமனாரின் அவசரம் புரிகிறது அம்மா. ஆனால் நம் பக்கம் ஆடியில் என்ன பெரிய மழை? தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டும்போது நமக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். அந்தக் காற்றை நம்பித்தானே உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை நட்டிருக்கிறார்கள்! விறகை நனைக்கிற மழை ஐப்பசியில்தான் பிடிக்கும். காற்று அடங்கும்வரை மரம் அப்படியே கிடக்கட்டும்.

காற்று நேரத்தில் நான் பயப்படுவது விழாமல் நிற்கிற மரத்துக்குத்தான். வேம்பையே சாய்த்த காற்று, பக்கத்து மரங்களின் வேரைச் சும்மா விட்டிருக்காது. வேம்பு விழும்போது முறிந்த கொப்பு ஏதாவது அடுத்த மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மிஷின் ஓடுகிற இரைச்சலில் தலைக்கு மேலே அது முறிகிற சத்தம் கேட்காது. ஆகவே முதலில் அண்ணாந்து பாருங்கள், பிறகு குனியுங்கள். காற்று இருக்கும்போது அந்தத் தொங்குகொப்பின் கீழே எந்த வேலையும் வேண்டாம்.

விழுந்த மரம் ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றும். அதன் எடை முழுவதும் எங்கெங்கோ முட்டுக்கொடுத்து, வளைந்து, விறைத்து நிற்கிறது. அடிமரம் இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் அந்தரமாக இருந்தால், மேல்பக்கம் நெருங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே கடைசிவரை அறுத்தால் ரம்பத்தை மரம் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து மேலே அறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் முறை தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே. பக்கவாட்டில் வில்லாக வளைந்து சிக்கிய கொப்பு இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. அறுபட்டதும் வளைவின் வெளிப்பக்கமாக அடிக்கும். எப்போதும் உள்வளைவுப் பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. மண்ணோடு பிடுங்கிக்கொண்டு சுவர்போல நிற்கிறதே வேர், அதைச் சாய்த்து வைத்திருப்பதே அடிமரத்தின் பாரம்தான். அடிமரத்தை அறுத்துவிட்டால், அந்த வேர் மண்ணோடு எழும்பித் தன் குழியிலேயே மறுபடி உட்கார்ந்துவிடும். எப்போது என்று சொல்ல முடியாது. சில சமயம் கண்மூடித் திறப்பதற்குள். அந்தக் குழியில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள். ஆடு நிழலுக்குப் படுக்கும். வெட்டு தொடங்குவதற்கு முன்பே குழிக்குள் யாரும் இல்லை என்று பார்த்து, அந்தப் பக்கம் ஆள் போகாமல் மறித்துவிடுங்கள். வேரை ஒட்டி அறுக்காமல் ஓர் ஆள் நீளமாவது அடிமரத்தை விட்டுவிடுங்கள்.

மிஷினை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். அதை ஓட்டிப் பழகிய ஆளையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். மிஷின் வாள் நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். கைப்பேசியில் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை இது. நீங்கள் இருவரும் அரிவாளும் கைரம்பமும் எடுத்து, தரையில் கிடக்கிற சின்னக் கொப்புகளைக் கழிக்கலாம். அதற்கும் விடிகாலைதான் நல்லது, பிற்பகலில் காற்று ஏறிவிடும். சேலை முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். உங்கள் கணவரும் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்னொன்று: வயதான வேம்பின் அடிமரத்தை அடுப்பில் வைப்பது பாவம். நிலைக்கும் கதவுக்கும் ஆகிற மரம். முதலில் ஓர் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டுங்கள். விறகுக்குக் கொப்புகளே தாராளம்.

புயலுக்கு நடுவே காற்று ஓய்ந்தால், வாசலை அடைத்த மரத்தை வெட்டி வழி செய்யலாமா? தென்னை விறகுக்கு ஆகுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியதை உங்கள் ஊர் மறந்திருக்காது. புயலின் கண் மேலே வரும்போது எல்லாம் முடிந்ததுபோல அமைதியாகிவிடும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்து ஒருபக்கம் சாய்ந்து நின்ற மரங்களை மறுகாற்று இந்தப் பக்கம் தள்ளும். கோடாரியோடு நீங்கள் நிற்பது அங்கேதான். புயல் வலுவிழந்தது என்ற அறிவிப்பு வரட்டும்.

மரத்துக்கு அடியில் மின்கம்பி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் மின்சாரம் இல்லை என்று கம்பியை மிதிக்காதீர்கள். எவர் வீட்டு ஜெனரேட்டரோ அதில் மின்சாரத்தை ஏற்றிவிடக்கூடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அவர்கள் வந்து பார்த்த பிறகு வெட்டுங்கள்.

தென்னை மற்ற மரங்களைப் போல இல்லை. வெளிப்பக்கம் வைரம், நடுவில் பஞ்சு. அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. முதிர்ந்த மரத்தின் வெளிவைரத்தைக் கைமரத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மட்டை, பாளை, பன்னாடை போதும். ஆனால் விறகுக்கு ஆகாது என்று தோப்பிலேயே மட்கப் போட்டுவிடாதீர்கள். மட்கிய தென்னையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். விழாமல் தப்பிய கன்றுகளின் குருத்தை அடுத்து அது தின்னும்.

விழுந்த புளியமரத்தை எப்போது பிளப்பது? எத்தனை நாள் காய வேண்டும்?
– வாசகர், உடுமலை

பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்த புளி இரும்பு, ஆப்பும் சம்மட்டியும் திணறும். பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். எடைபோட்டு வாங்குகிறவர்கள் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்கள். (கடைக்காரன் நானே சொல்கிறேன்.) பட்டையோடு உருளையாகக் கிடந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிளந்து, மண்ணில் படாமல் இரண்டு கட்டைமேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். மெல்லிய பிளவுகள் சில மாதத்தில் ஆகிவிடும், கனத்தவை அடுத்த ஆடிவரை கிடக்கட்டும். சவுக்கு பச்சையிலும் ஓரளவு எரியும். அரளிக் கொப்பு கலந்திருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அதன் புகையும் விஷம்.

ரோட்டில் விழுந்த மரத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி எடுக்கலாமா?
– வாசகர், பெரியகுளம்

கூடாது. சாலையோர மரம் அரசுடையது, விழுந்தாலும் அரசுடையதே. வழியை அடைத்தால் தகவல் சொல்லுங்கள். விறகு வேண்டுமென்றால் ஏலத்தில் கேளுங்கள். காப்புக்காட்டில் சுள்ளி பொறுக்கவும் வனத்துறையைக் கேட்க வேண்டும். உங்கள் பட்டா நிலத்திலேயே சந்தனம் விழுந்திருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள்.