638 விநாடி அலை: துடிப்பது விண்மீனா, மவுண்டா?

ஜிடபிள்யூ லிப்ரே என்பது ஒரு வெண்குறுமீனும் (எரிந்து முடிந்த சிறிய விண்மீன்) அதன் துணை விண்மீனும் சேர்ந்த ஜோடி. அதன் ஒளியில் 638 விநாடிக்கு ஒரு முறை வரும் அலை வெண்குறுமீனின் துடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அது உங்கள் மவுண்டின், அதாவது தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துச் சுற்றும் தாங்கியின், பல்சக்கரம்.

135 பல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூமி ஒரு சுற்று சுற்ற 86,164 விநாடி. அதை 135-ஆல் வகுத்தால் 638. பல்சக்கரத்தைச் சுற்றுக்கு ஒரு பல் நகர்த்தும் வார்ம் திருகு ஒரு முறை சுற்றும் நேரம் அது. ஒவ்வொரு சுற்றிலும் விண்மீன் சென்சாரில் லேசாக நகர்ந்து திரும்பும். வழியில் ஒரு தூசிப் புள்ளி இருந்தால் ஒளி குறையும். ஃப்ளாட் (தூசி நிழலைத் திருத்த எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) எடுக்கவில்லை என்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரி ஓடும் மண்சாலை ஓரத்தில் கேமராவைக் கழற்றி மாட்டினால் தூசிக்கா பஞ்சம்? நானும் இப்படித்தான் துடிப்பு கிடைத்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்கக் குதித்தேன்.

அதே படங்களில் பக்கத்திலுள்ள மங்கலான விண்மீன் இரண்டை அளந்து பாருங்கள். கூடவே ஒவ்வொன்றின் எக்ஸ் நிலையையும் (படத்தில் இடவலமாக எங்கே இருக்கிறது என்பதை) வரையுங்கள். எக்ஸ் ஆடும் தாளத்திலேயே ஒளியும் ஆடினால் விஷயம் முடிந்தது.

ஏமாறுவது சுலபம்தான்; இந்த விண்மீனுக்கு முன்பு 650, 370, 230 விநாடியை ஒட்டிய துடிப்புகள் இருந்தன. ஆனால் 638-ஐயும் 650-ஐயும் பிரித்துக் காட்டக் கிட்டத்தட்ட 10 மணி நேரத் தரவு வேண்டும். உங்களிடம் 2 மணி நேரம்தான். தவிர, அந்தத் துடிப்பில் ஒளி மாறுவது ஓரிரு சதவீதம். உங்கள் அலையோ 10 சதவீதம்.

இன்னொன்று: 2007 வெடிப்பில் துணை விண்மீனின் வாயு கொட்டி வெண்குறுமீன் சூடேறியது, பழைய துடிப்புகள் நின்றுபோயின. பிறகு சில சமயம் 19 நிமிட அலை தெரிந்தது. அதனால் 650, 370, 230 என்ற பழைய பட்டியலோடு ஒப்பிடாதீர்கள்.