காய்ச்சலில் இறங்கிய கொலஸ்ட்ரோல்: குளிசையை விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் தரும் அட்டோவாஸ்டாட்டின் குளிசை போடுகிறவர். மாரி மழையோடு டெங்கு வந்து வார்டில் வைத்திருந்தார்கள். கடைசிக் கிளினிக்கில் 210 ஆக இருந்த கொலஸ்ட்ரோல் அங்கே 130 என்று வந்தது. "கொழுப்புக் கரைஞ்சிட்டுது, இனிக் குளிசை வேண்டாம்" என்கிறார். நிறுத்தலாமா?
- வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: அந்த எண்ணை நம்பி நிறுத்த வேண்டாம். 130 என்பது நோய் அம்மாவை எவ்வளவு அடித்துப் போட்டது என்பதற்கான அடையாளம்.

கொலஸ்ட்ரோல் இரத்தத்தில் தனியே மிதக்காது. புரதம் போர்த்த நுண்துகள்களுக்குள் இருந்தபடிதான் ஓடும். ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று இருப்பவை இத்துகள்களே. கடுங்காய்ச்சலில் ஈரல் இவற்றை ஆக்கும் விதம் மாறிவிடும். டெங்குவில் இரத்தக் குழாய்ச் சுவரும் கசிவதால், வெளியேறும் திரவத்தோடு துகள்களும் போய்விடும். டெங்கு கடுமையானவர்களிடம் எல்.டி.எல். இறங்கியிருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கொவிட் முற்றியவர்களிடமும் எச்.டி.எல். குறைந்திருந்தது.

இந்த எச்.டி.எல். பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாயின் உட்சுவர்க் கலங்களை ஒன்றோடொன்று இறுக வைத்திருக்கும் ஒரு பொருளைச் சுமப்பதும் அதுதான். காய்ச்சலின் முதல் நாட்களில் என்.எஸ்.1 பரிசோதனை எடுத்திருப்பார்கள். அதில் தேடப்படும் வைரசுப் புரதம் நேரே போய் எச்.டி.எல். துகளில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டப்பட்ட துகள் அழற்சியைத் தூண்டுவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். காவலுக்கு நின்றவனே கள்ளனுக்குத் துணைபோன கதைதான்.

அதற்காகக் கொழுப்பு குறைந்துவிட்டதே என்று நெய்யும் இறைச்சியுமாக அம்மாவுக்குத் திணிக்காதீர்கள். உடம்பு தேறத் தேற அளவு தானாகவே பழைய இடத்துக்கு ஏறும். மறுபக்கம், கொலஸ்ட்ரோல் குளிசை டெங்குவுக்கு மருந்தும் ஆகாது. வியட்நாமில் டெங்கு நோயாளருக்கு இதே வகைக் குளிசையான லோவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது வேண்டியிருப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கத்தான், அந்தத் தேவை டெங்குவோடு போய்விடவில்லை.

துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்டை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். டெங்குவில் ஈரல் நொதியங்கள் மிகவும் கூடினால் இக்குளிசையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது உண்டு. அப்படி நிறுத்தியிருந்தால் கார்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய், எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். நிறுத்தச் சொல்லவில்லை என்றால் வழமைபோலப் போடட்டும். கொலஸ்ட்ரோலை இப்போதே மறுபடி பார்ப்பதில் பலனில்லை, 2 அல்லது 3 மாதம் போகட்டும். அஸ்பிரினும் போடுகிறவராக இருந்தால், பிளேட்லெட் ஏறிவிட்டதை வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை அதைத் தொட வேண்டாம்.