அறிவியல் கேள்வி–பதில்: கொதித்த பிறகு வெப்பம் எங்கே போகிறது?

கேள்வி (தேவகோட்டை வாசகி): இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் எங்கள் வீட்டில் அடுப்பைக் கூட்டியே வைக்கிறார்கள். அப்படி வைத்தால் இட்லி சீக்கிரம் வேகுமா? எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் எரிகிற கேஸின் வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. பானைக்குள் ஆவி நிறைந்து நிற்கும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். அதற்கு மேல் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, இட்லி சீக்கிரம் வேகாது.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடியே எந்நேரமும் அசைந்துகொண்டும் இடம் மாறிக்கொண்டும் இருக்கின்றன. வெப்பநிலை என்று நாம் அளப்பது அந்த அசைவின் சராசரி ஆற்றலைத்தான். அடுப்பில் வைத்ததும் அசைவு மிகுகிறது, வெப்பமானியும் ஏறுகிறது. 100 டிகிரியை எட்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. அதன் பிறகு வந்து சேரும் வெப்பம், மூலக்கூறுகளை அவற்றின் பிணைப்பிலிருந்து பிரித்து ஆவியாக வெளியேற்றுவதற்கே செலவாவதால், பானையில் எஞ்சியிருக்கும் தண்ணீரின் வெப்பநிலை அப்படியே நிற்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

அதன் அளவு சிறியதன்று. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். கொதிநிலைக்கு வரப் பத்து நிமிடம் பிடித்த தண்ணீர், அதே தீயில் முழுதும் வற்றுவதற்கு மேலும் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். பனிக்கட்டி உருகும்போதும் இதுவே நடக்கிறது. அங்கே ஒரு கிராமுக்கு 334 ஜூல். பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறாமல் நிற்பதைக் கவனித்து, இந்த வெப்பத்தை 1760-களில் அளந்தவர் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக். மூலக்கூறு என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில், அளவையை மட்டும் நம்பி அவர் இதைக் கண்டறிந்தது எனக்கு இன்றும் பெருவியப்பாகவே இருக்கிறது.

ஆவியில் சேர்ந்த வெப்பம் வீணாகிவிடுவதில்லை. குளிர்ந்த மாவின் மேல் ஆவி பட்டு நீராகும்போது, கிராமுக்கு 2,257 ஜூல் வீதம் மாவுக்கு வந்து சேருகிறது. இட்லி வேகுவது பெரும்பாலும் அந்த வெப்பத்தால்தான். கொதிநீரைவிட ஆவி கையைக் கடுமையாகச் சுடுவதற்கும் அதுவே காரணம். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் கொதிநீர் நம் உடலின் சூட்டுக்கு இறங்கும்போது சுமார் 263 ஜூல் தருகிறது. ஒரு கிராம் ஆவியோ ஏறக்குறைய பத்து மடங்கு தருகிறது. ஆகவே மூடியைத் திறக்கும்போது, ஆவி உங்கள் பக்கம் வராமல் எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்குமாறு வீட்டில் எல்லோரிடமும் அவசியம் சொல்லி வையுங்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): செட்டிநாட்டு இனிப்புப் பலகாரமான மனகோலத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு கொதிநீரைவிட அதிகம் சூடாகிறதே! அதற்கு 100 டிகிரி எல்லை கிடையாதா?

பதில்: அந்த எல்லை தூய நீருக்கு உரியது. பாகில் சர்க்கரை மூலக்கூறுகள் கலந்திருப்பதால், நீர் மூலக்கூறுகள் முன்போல் எளிதில் ஆவியாக வெளியேற முடிவதில்லை. கொதிப்பதற்கு இன்னும் கூடுதலான சூடு தேவைப்படுகிறது. நீர் வற்ற வற்றச் சர்க்கரையின் செறிவு கூடி, கொதிநிலையும் படிப்படியாக உயர்ந்து, உருட்டுப் பதத்தில் 120 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டி, தட்டில் போட்டு 'டங்' என்று ஓசை கேட்கிறதா என்று பார்க்கும் ஆச்சிமார், பாகில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதைத்தான் சோதிக்கிறார்கள். வெப்பமானி இல்லாமலே இவ்வளவு நுட்பமாகப் பதம் அறிவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): சித்திரை வெயிலில் சில்லென்று இருக்கும் மண்பானைத் தண்ணீர், ஐப்பசி அடைமழையில் அப்படி இருப்பதில்லையே, ஏன்?

பதில்: கொதிக்காமலேயே தண்ணீர் ஆவியாகும். பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்பக்கத்தை ஈரமாக்கும் நீரில், மிக வேகமாக அசையும் மூலக்கூறுகளே முதலில் தப்பிச் செல்கின்றன. மெதுவானவை எஞ்சுவதால் சராசரி ஆற்றல் குறைகிறது. பானையும் அதன் உள்ளிருக்கும் தண்ணீரும் குளிர்கின்றன. 10 லிட்டர் பானையில் 100 கிராம் நீர் இப்படி ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் புகாத பட்சத்தில், மீதித் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும். மழை நாளிலோ காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், வெளியேறும் அளவுக்குச் சமமாகவே மூலக்கூறுகள் திரும்பி வந்து சேருகின்றன. பிறகு எப்படிக் குளிரும்? கோடையிலும் காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் பலன் குறையும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடமே பானைக்கு ஏற்றது.

கேள்வி (பள்ளத்தூர் மாணவி): மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது, நீர் பனிக்கட்டியாவதைப் போன்றதுதானா?

பதில்: அடிப்படையில் ஒன்றுதான். அசைவு குறைந்ததும் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கமைந்து, கட்டியாகின்றன. ஆனால் தேங்காய் எண்ணெய் பலவகைக் கொழுப்புகளின் கலவை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் உறையும். ஆகவே 24 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கும்போது, நீரைப் போல ஒரே புள்ளியில் உறையாமல், முதலில் கலங்கி, பிறகு அங்கங்கே வெண்மையாகத் திரண்டு, கடைசியில் முழுவதும் கட்டியாகிறது.